அமாவாசைக்கு மாத்திரைக்கும் லீவு

மருந்துக் கடைக்காரனிடம் 'வியாபாரம் எப்படி?' என்று கேட்டால், நன்றாக நடந்தாலும் அவனால் சந்தோஷமாகச் சொல்ல முடியாது. கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்று கால் கடுத்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா! தொண்ணூறுகளில் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டவன் நான்.

மிச்சம் விழுந்த மாத்திரை

சேவூர் ஏகாம்பரம் பட்டு நெய்பவர், சர்க்கரை வியாதிக்காரர். தினமும் ஒன்று என்று டாக்டர் எழுதிய மாத்திரை அவருக்கு மட்டும் மாதா மாதம் மிஞ்சும். எனக்குத் தலை சுற்றியது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள் அல்லவா? அன்று மாத்திரைக்கும் லீவு. தறியில் ஏற்றப் பாவு நூல் வராத நாள், கல்யாணத்துக்குப் போன நாள் எல்லாம் அதே கணக்குத்தான். நான் கத்திப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னாங்க நீங்க, வேலையே செய்யாத உடம்புக்கு மாத்திரை எதுக்குங்க?"

வசந்தாவின் வழி

என் பிரசங்கத்தால் ஆகாததை அவர் மனைவி வசந்தா சாதித்தார். அமாவாசைப் படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைக்காமல் ஏகாம்பரம் சாப்பிட மாட்டார். அந்த இடத்தில் அந்தம்மா மாத்திரையை நுழைத்துவிட்டார். கடைக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"மொதல்ல காக்காவுக்கு, அப்புறம் மாத்திரை. அது உள்ள போனாத்தாங்க இவரு இலையில சோறு விழும்."

எந்தப் பயிருக்கு?

பக்கத்துக் கடை கன்னியப்பன் பூச்சி மருந்து விற்பவன். யார் வந்தாலும் எந்தப் பயிர், என்ன பூச்சி என்று கேட்காமல் எடுத்துத் தர மாட்டான். சேத்துப்பட்டு பக்கத்து விவசாயிகள் எரிந்து விழுவார்கள். "பேஜார் பண்ணாதய்யா" என்று நானும் கிண்டல் செய்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம். ஏகாம்பரத்துக்குக் காலில் புண். விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் நொண்டிக்கொண்டே என் கடையைத் தாண்டி கன்னியப்பன் கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து கேட்டார். எந்தப் பயிருக்கு என்ற கேள்விக்கு "நெல்லுக்கு" என்றார். அறுப்பு முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. தறியைத் தவிர அவருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை என்பதும் கன்னியப்பனுக்குத் தெரியும்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். எனக்கும் கைகாட்டினான். "செத்துடலாம்னு தோணுதாண்ணா?" என்று நேராகவே கேட்டான். ஏகாம்பரம் உடைந்து அழுதார். விரலோடு நிற்காமல் காலே போய்விட்டால் தறியை எப்படி மிதிப்பது, வசந்தாவுக்குப் பாரமாகக் கிடக்க வேண்டுமா என்று புலம்பினார். எல்லாவற்றையும் கன்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டான். நான் ஆள் அனுப்பி வசந்தாவை வரவழைக்கும்வரை கடையில் வேறு வியாபாரமே செய்யவில்லை. ஏகாம்பரம் எழப் பார்த்தபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே சொன்னான்:

"மருந்து தர மாட்டேண்ணா. நீ பேசிகினே இரு, நான் இங்கதான் இருக்கேன்."

தறிக்குத்தான் லீவு

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு விரலோடு போயிற்று. கால் தப்பியது. மனசுக்கும் வைத்தியம் உண்டு என்று அங்கேயே டாக்டரிடம் காட்டினார் வசந்தா; தவணை தவறாமல் கூடவே போனார். சில மாதத்தில் ஏகாம்பரம் மறுபடி தறியில் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் சாயங்காலம் மாத்திரை வாங்க அவராகவே என் கடைக்கு வந்தார். 'என்ன அவசரம், நாளைக்கு வாங்கிக்கொள்ளக் கூடாதா' என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு அமாவாசைங்க. தறிக்குத்தான் லீவு, எனக்கு இல்ல."

நான் விற்ற அத்தனை மாத்திரையையும்விட, பக்கத்துக் கடைக்காரன் விற்காத ஒரு பாட்டில் பெரிய வேலை செய்துவிட்டதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமைதான்.