கடைசியில் நடப்பவள்

குதிகால்களைப் பார்த்தபடி நடந்துகொண்டிருக்கிறாள் நிக்காசியா யுக்ரா. முன்னால் போகிறவர்களின் முகத்தை அவள் நம்புவதில்லை. "மூஞ்சி சிரிக்குங்க. போட்டோ எடுத்தா இன்னும் நல்லாச் சிரிக்கும். குதிகாலுக்கு நடிக்கத் தெரியாது" என்பாள். வலது குதிகால் வெளிப்பக்கம் திரும்ப ஆரம்பித்தால் இன்னும் கால் மணி நேரம் தாங்கும். இரண்டும் திரும்பிவிட்டால் அடுத்த வளைவுக்குள் ஆள் உட்கார்ந்துவிடும். இந்தக் கணக்கு தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

அவள் பிழைப்பே இதுதான். அவுசங்காத்தே மலையை ஐந்து நாளில் சுற்றிவர வரும் வெளியூர்க்காரர்களுக்குப் பின்னால், எல்லோருக்கும் கடைசியாக, சேணம் பூட்டிய ஒரு குதிரையோடு நடக்க வேண்டும். முடியாமல் போனவரை அதில் ஏற்றிக் கூடாரத்தில் சேர்க்க வேண்டும். மூட்டைக் குதிரைகளும் சமையல்காரர்களும் விடிந்ததுமே முன்னால் போய்விடுவார்கள். சமையல்காரர்களில் ஒருவர் அவள் புருஷன் எலெயூத்தெரியோ. "அவரு சூப்பு வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருப்பாரு. நான் சூப்பு குடிக்கிறவங்கள ஓட்டிக்கிட்டு வருவேன். நல்ல குடும்பம்!"

வயது ஐம்பத்திரண்டு. தலையில் குஞ்சம் தொங்கும் தட்டைத் தொப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக நாலு பாவாடை, காலில் டயர்ச் செருப்பு. பனியிலும் அதே டயர்ச் செருப்புதான். கணுக்கால்வரை கட்டிய விலையுயர்ந்த பூட்ஸ்களைப் பார்த்தால் அவளுக்கு மனசு கேட்காது. "பாவம், காலைப் புடிச்சு அடைச்சு வெச்சிருக்காங்க" என்பாள். ஏழு மொழிகளில் அவளுக்கு 'மெதுவா' தெரியும். வேண்டிய வார்த்தை அது ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

நடக்கும்போது கை சும்மா இருக்காது. இடது கக்கத்தில் அல்பாக்கா ரோமம், வலது கையில் சுழலும் தக்கிளி, குதிரையின் தலைக்கயிறு முழங்கையில். முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவோ, அவ்வளவு நூல். நடை முடிந்து பச்சாந்தாவின் வெந்நீர் ஊற்றில் ஊர்ப் பெண்களோடு கழுத்தளவு அமிழ்ந்திருக்கையில், இந்தத் தடவை எப்படி என்று யாராவது கேட்டால் ஆளைப் பற்றிச் சொல்லமாட்டாள், நூலைச் சொல்வாள். "ஒரு கனடாக்காரி வந்தா, ஒரு சோடி காலுறைகூடத் தேறல. ஓட்டமா ஓடிட்டா. ஆனா லீமாவுலேருந்து ஒரு வக்கீலு வந்தாரு பாருங்க, மகராசன், எம் மருமவளுக்கு முழுப் போர்வையே குடுத்துட்டுப் போனாரு!" ஊற்றே குலுங்கும்படி சிரிப்பார்கள்.

குதிரையின் பெயர் அல்காமாரி. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் மலைப்பருந்தின் பெயர் அது. குதிரையும் அதே நிறம், வால் மட்டும் முழுக் கறுப்பு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிக்காசியாவுக்குக் கூலி ஒன்றே. அல்காமாரிக்குத்தான் வித்தியாசம் தெரியும். கனமான ஆள் பக்கத்தில் வந்தால் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும்.

ஒரு விஷயத்தில் அவள் கறார். 'ஏறுகிறீர்களா' என்று யாரையும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். கேட்டால் ரோஷம் வந்துவிடும், இன்னும் நூறு அடி போய் விழுவார்கள். அதற்குப் பதிலாகச் சேணத்தின் வயிற்றுவாரை இழுத்து இறுக்குவாள். தோல் கிரீச்சிடும். முன்னால் போகிறவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகு பேச்சுக்கு அவசியம் இருக்காது.

இந்த ஏற்பாடு பலிக்காமல் போனது ஒரே ஒரு ஆளிடம். போன ஆகஸ்டில் வந்த ஒஸ்வால்தோ, அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்க்காரர், அறுபத்தேழு வயது. முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பு எலும்பை மாற்றி வைத்திருந்தார்கள். கூடவே மகள் கிரசியேலாவும் வந்திருந்தாள். முதல் நாள் வாரின் கிரீச்சுக்கு அவர் திரும்பிப் பார்த்து, "எண்ணெய் போடுங்க தாயி, நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நிக்காசியாவுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

இரண்டாம் நாள் விஷயம் வெளியே வந்தது. ஆபரேஷன் முடிந்ததும் மகள் அவர் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி, சமையலறைக்குப் பக்கத்து அறையில் போட்டுவிட்டாளாம்.

"மாடில படுத்தா ஆறு தெரியும் தாயி. கீழ படுத்தா தெருவுல போறவன் செருப்பு தெரியுது. பலோமானி கணவாயை நடந்தே தாண்டுங்க, கட்டிலை மேல ஏத்தறேன்னு சொல்லிட்டா. குதிரைல ஏறிட்டேனா, அதைப் பத்தி இனிமே பேச்சே எடுக்கக் கூடாது. அதுதான் பந்தயம்."

"ஒரு கட்டிலுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"உங்களுக்கென்ன, வானத்துலயே படுத்துக் கெடக்கீங்க."

மூன்றாம் நாள்தான் பலோமானி. காலையில் கிரசியேலா இரண்டு கோப்பை காப்பியோடு நிக்காசியாவைத் தேடி வந்தாள். "அம்மா, நீங்களே எதையாவது சொல்லி அவரை ஏத்திவிட்டுடுங்க. நான் சொன்னா முறைப்பாரு. அந்த இடுப்பு இன்னொரு தடவை விழுந்தா தாங்காது. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றபோது அவள் கண் கலங்கியது. நிக்காசியா ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டாள். "பார்த்துக்கிறேன் தாயி" என்றாள். யார் பக்கம் பார்த்துக்கொள்வாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

வழிகாட்டி எடில்பெர்த்தோ நல்ல பையன், ஆனால் கடிகாரத்துக்கு அடிமை. "அக்கா, மத்தியானம் மேல பனி கொட்டும். ஒரு மணிக்குள்ள வந்து சேரலைன்னா விசில் அடிப்பேன். விசில் கேட்டா, கேள்வி கேக்காம ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, கிரசியேலாவையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனான்.

பதினோரு மணிவரை கிழவர் சொல்லுக்குத் தக்கபடி நடந்தார். பன்னிரண்டுக்கு வலது குதிகால் திரும்பியது. நிக்காசியா நூல் நூற்பதை நிறுத்தினாள். சரளைச் சரிவு வந்தது. இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கும். இடது குதிகாலும் திரும்பியது. கடைசி வளைவுக்குக் கீழே, ஒரு பெரிய பாறைத் திட்டின் மறைவில், இரண்டு கோல்களிலும் சாய்ந்துகொண்டு நின்றுவிட்டார். உதடு நீலம் இல்லை, மூச்சு சீராக இருந்தது, தலை சுற்றவில்லை என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தாள். கால்தான் மாட்டேன் என்றது.

மேலிருந்து விசில் வந்தது. நீளமாக, இரண்டு தடவை.

ஒஸ்வால்தோ வாரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். "ஏத்திடாதீங்க தாயி" என்றார். பஸ்ஸில் எத்தனை பேரை அதட்டியிருப்பார், அந்தக் குரலில் இப்போது அதட்டல் மிச்சம் இல்லை.

நிக்காசியாவுக்குக் கோபம் வந்தது. மகள் மேலா, விசில் மேலா, அந்த இடுப்பின் மேலா என்று பிரிக்க முடியவில்லை. கோல்களைப் பிடுங்கிச் சேணத்தில் செருகினாள். அவர் முதுகுப் பையையும் கழற்றி மேலே கட்டினாள். பிறகு குதிரையின் பின்பக்கம் அவரை இழுத்து வந்து, கறுத்த வாலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. கெட்டியாப் புடிங்க."

"வாலையா? உதைக்காது?"

"பிடிக்காதவங்களைத்தான் உதைக்கும். நேத்திக்கு உங்க ஆப்பிளைப் பூராத் தின்னது யாரு?"

அவர் வாலை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார். உடனே சந்தேகம் வந்தது. "தாயி, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"எங்க அம்மா கல்யாணத்துக்கு இந்தக் கணவாய் வழியா வாலைப் புடிச்சுக்கிட்டுதான் வந்தா. அவ நடந்து வரலைன்னு யாராச்சும் சொன்னாங்களா? உக்காந்தாத்தான் ஏறினது. கால் தரைல இருந்தா நடந்தது. இது எங்க மலை, எங்க சட்டம். பேசாம காலை எடுத்து வைங்க."

"உங்க சட்டம் சரி. எம் பொண்ணு ரொசாரியோக்காரியாச்சே."

"அவகிட்ட யாரு கேக்கப் போறா?"

அல்காமாரி மெதுவாகக் கிளம்பியது. ஒஸ்வால்தோவின் கால் சரளையில் பதிந்தது, அடுத்ததும் பதிந்தது. நிக்காசியா வழக்கத்துக்கு மாறாக முன்னால் நடந்தாள், ஏழு மொழியிலும் 'மெதுவா' சொல்லிக்கொண்டே. இரண்டாவது மொழியில் கிழவர் சிரித்துவிட்டார். நாலாவதில் மூச்சு வாங்கிக்கொண்டே கூடச் சொன்னார். பாறைத் திட்டு முடிகிற இடத்தில் குதிரையை நிறுத்தினாள். அங்கிருந்து உச்சிக்கு நாற்பது அடி, மேலே நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர் தானாகவே வாலை விட்டார். அவள் கோல்களை உருவிக் கொடுத்துவிட்டு, அவர் காதில் விழும்படி வயிற்றுவாரைத் தளர்த்தினாள்.

நாற்பது அடியையும் அவர் தனியாக நடந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று எடில்பெர்த்தோவும் மணி பார்க்கவில்லை. உச்சியில் அடுக்கியிருந்த கற்குவியலுக்குப் பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூட்டம் கைதட்டியது. ஒஸ்வால்தோ உச்சியைத் தொட்டதும் பனி துகள் துகளாக விழ ஆரம்பித்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

கிரசியேலா அப்பாவைக் கட்டிக்கொண்டாள், விட்டாள், மறுபடி கட்டிக்கொண்டாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக நிக்காசியாவைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. ஏறவே இல்லையா?"

"அவரு காலு தரையை விட்டு எழும்பல. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஒஸ்வால்தோ மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கையுறையின் ஒட்டுப்பட்டையில் நீளமான கறுப்பு முடிகள் ஒரு கொத்தாக மாட்டிக்கொண்டு காற்றில் ஆடின. "கை சில்லுனு இருக்கா? காட்டுங்க" என்று கிரசியேலா அந்தக் கையைத்தான் பிடிக்கப் போனாள்.

நிக்காசியா முந்திக்கொண்டாள். கிழவரின் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்தி, கல்யாண வீட்டுக்காரரை வாழ்த்துவதுபோல ஓங்கி ஓங்கிக் குலுக்கினாள். குலுக்கி முடித்து, மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரித்தாள்.