தாலிக்குப் பிந்திய எழுத்து

நிரூபா மாதிரி ஒரு பொறுமைசாலியை எங்கள் மோர்னிங்சைட் வட்டாரத்தில் நான் கண்டதில்லை. அடுத்த வீட்டுக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே, படுக்கையில் விழுந்த புருஷன் லெஸ்லியை முகம் சுளிக்காமல் பார்த்தவள். போன மாசியில் அவர் போய்விட்டார்.

லெஸ்லி வெள்ளைக்காரர், பஸ் ஓட்டியவர். இங்கிலாந்தில் பெரியப்பா ஒருவர் பிள்ளையில்லாமல் இறந்ததால், அவர்கள் பெயருக்கு முன்னால் போடும் பரம்பரைப் பட்டமான ‘சேர்’ இவர் தலையில் வந்து விழுந்தது. வீடுமில்லை, காணியுமில்லை, வெறும் பட்டம். தனக்குப் பிறகு அது ஒரே மகன் மிதுனனுக்குப் போகவேண்டும் என்பதுதான் அவருடைய கடைசி ஆசை.

பட்டக் காரியம் பார்த்த லண்டன் வக்கீல் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: கல்யாணம் பதிவானது எப்போது?

அங்கேதான் சனி பிடித்தது. அந்தக் காலத்தில் லெஸ்லியின் பழைய விவாகரத்துத் தாள் வரச் சுணங்கிவிட்டது. மண்டபமோ பிடித்தாயிற்று. முகூர்த்தம் தவறினால் ஆவணிவரை நல்ல நாளில்லை. “தாலி ஏறினால் காணும், எழுத்தைப் பிறகு வைப்பம்” என்று நிரூபாவின் தாய் கமலாம்பிகை ஒரே பிடியாக நின்றார். நம்முடைய சனத்துக்குத் தாலிதானே கல்யாணம்! எழுத்து என்கிற பதிவை யார் பெரிதாக எடுத்தார்கள்? நானும்தான் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டு வந்தேன். கடைசியில் எழுத்து நடந்தபோது மிதுனன் தத்தித்தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான்.

பதிவுக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பட்டம் போகாதாம். பிறகு பதிந்தாலும் போகாதாம். என்ன கண்டறியாத சட்டமோ! அந்த வக்கீல் மரியாதையாகத்தான் சொன்னான், பாவி.

நிரூபா அவனிடம் கெஞ்சியதை நான் பக்கத்தில் இருந்தே கேட்டேன். கல்யாண வீடியோவை அனுப்புகிறேன் என்றாள். ஐயரைப் பேசவைக்கிறேன் என்றாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், பட்டமே வேண்டாம், முறைப்படி கட்டியவளுக்குப் பிறந்த பிள்ளை என்று மட்டும் எழுதித் தாருங்கள் என்று அழுதாள்.

அதையும் எழுத முடியாதாம். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றுதான் அவர்களுடைய தாளில் இருக்கிறதாம்.

மிதுனன் தாயின் கையிலிருந்த போனை வாங்கி வைத்தான்.

“விடுங்கோ அம்மா. ஐ டோன்ட் கேர். எனக்கு உந்தப் பட்டம் வேண்டாம்.”

“நீ விடுவாயடா. உன்னை என்னெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள் எண்டு கேட்டபிறகு, பெத்த நான் எப்பிடியடா விடுறது?”