மும்தாஜ் லாத்தா போட வைத்த காலிக் குழாய்

மும்தாஜ் லாத்தாவின் மௌத்துச் செய்தி வந்தபோது நான் அடுப்படியில் அவர்களுக்குத்தான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் மகள் பேசினாள். "மாமி, அம்மா போயிட்டாங்க." ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் காதில் விழுந்தது. எங்கள் தெருவில் வேறெந்த வீட்டு அடுப்படியிலும் போன் இவ்வளவு தெளிவாகக் கேட்காது. எங்கள் வீட்டில் கேட்பதற்கு லாத்தாதான் காரணம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

லாத்தாவைத் தெரிந்த உங்களுக்கு அவர்கள் கோபமும் தெரியும், சிரிப்பும் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த லாத்தாவை எனக்கு வந்தபடி சொல்கிறேன்.

அவர்கள் என் வீட்டுக்காரரின் அக்கா. சிதம்பரத்தில் இருந்தார்கள். தம்பி சவூதியில் இருந்ததால், லால்பேட்டையில் நாங்கள் வீடு கட்டியபோது வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து வேலையைப் பார்த்தது அவர்கள்தான். அதற்கு முன்பு நாங்கள் இருந்த வாடகை வீட்டில், உள்ளே சிக்னல் எடுக்காது. அவரிடம் பேச வேண்டுமென்றால் நான் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் நிற்பார்கள். அவர் என்ன கேட்டாலும் நான் "ம்", "சரி" என்பேன். புருஷனும் பொண்டாட்டியும் பல வருஷம் அப்படித்தான் பேசினோம்.

புது வீட்டில் நெட் வழியாகத்தான் போன் பேச்சு. அந்த நெட் பெட்டியை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைப்பதாக இன்ஜினியர் தம்பி பிளான் போட்டிருந்தார். வீட்டுக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். "ஹால்லயே இருக்கட்டும் லாத்தா. வர்றவங்க ஒக்கார்ற எடம்."

"வர்றவங்க எப்பவாச்சும் வருவாங்க. வெளி ஆம்பளைங்க வந்தா இவ உள்ள போயிடுவா. அப்ப ஒம் போனு எங்கடா அடிக்கும்? ஹால்லயா?"

லாத்தா என் பக்கம் திரும்பினார்கள். "நீ எங்க நின்னு பேசுவே? காட்டு."

சுவர் பூசாத வீடு. நான் உள்ளறைக்குப் போய், கொல்லைப்பக்க ஜன்னல் ஓரம் நின்றேன். லாத்தா ஒரு செங்கல் துண்டை எடுத்து அந்த மூலையில் கோடு போட்டார்கள். வீடு முழுக்க என் வீட்டுக்காரர் காசு, அவர் பிளான். அந்தக் கோடு மட்டும் என்னைக் கேட்டுப் போட்டது.

பெட்டி வீட்டின் நடுவில், நடையின் மேலே என்று முடிவானது. அங்கிருந்து உள்ளறை மூலைக்கும் மாடிக்கும் நெட் வயர் போக என்று தனியாகக் குழாய் பதிக்கச் சொன்னார்கள். வயரிங் செய்த செல்வம் அண்ணன் சிரித்தார்.

"காலி பைப்புல என்னாம்மா ஓடும், காத்தா?"

"இன்னிக்குக் காத்து ஓடட்டும். நாளைக்கு வயர் வேணும்னா செவுத்த ஒடைக்க நீயா வருவே?"

"கரண்டு பைப்புலயே சேத்து உட்ரலாமே?"

"ஒரே பைப்புல ரெண்டையும் உடக்கூடாதுன்னு ஒனக்கே தெரியும். வேலை மிச்சம்னு பாக்கறே."

அவர் காதைச் சொறிந்துகொண்டு போய்த் தனிக் குழாய் பதித்தார். குழாய்க்குள் ஒரு நைலான் கயிறும் கிடந்தது, பிறகு வயரைக் கட்டி இழுப்பதற்கு.

வயர் சுருளைக் கடலூரில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் போடச் சொன்னாராம். "எம் புள்ளைய மடியில வெச்சிருந்தா கேப்பியாப்பா?" என்றார்களாம். "புள்ளைக்கு இம்மாம் வாலு இருக்காதும்மா" என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மிச்சச் சுருள் இன்னும் பரணில் இருக்கிறது.

அவர்களும் தப்புக் கணக்குப் போட்டார்கள். வீடு காலியாக இருந்தபோது என்னைப் போனோடு அறை அறையாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் நன்றாகக் கேட்டது. மூலைக்கு வயர் வேண்டாம், நடையில் இருக்கும் பெட்டியே போதும் என்று விட்டுவிட்டார்கள். குடி வந்ததும் என் சீர் பீரோவை நடைப்பக்கச் சுவரோடு வைத்தோம். ஆளுயர இரும்பு. அது பெட்டிக்குக் குறுக்கே நின்றதால், ஜன்னல் மூலையில் என் வீட்டுக்காரர் குரல் துண்டு துண்டாக வந்தது. நான் மறுபடியும் மாடிப்படி ஏற ஆரம்பித்தேன்.

விஷயம் தெரிந்து லாத்தா வந்தார்கள். பீரோவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "ஊரு ஒலகமெல்லாம் நெனச்சேன், ஒம் பீரோவ நெனக்கலையேடி!" வேறு சுவரில் வைக்க இடமில்லை. செல்வம் அண்ணனை வரச் சொன்னார்கள். "அந்தக் கயித்த இழு, காத்து வருதா பாப்போம்." கயிற்றோடு வயர் வந்தது. மூலையில் இன்னொரு சின்னப் பெட்டி வைத்தார்கள். லாத்தா கதவை வெளியே இருந்து சாத்தினார்கள். "பேசு. நான் டிவிய ஜாஸ்தியா வெக்கிறேன்."

கல்யாணமாகி முதல் தடவையாக அன்றைக்குத்தான் நான் அவரோடு வாய்விட்டுச் சண்டை போட்டேன். வெளியே வந்ததும் லாத்தா கேட்டார்கள். "நல்லா கேட்டுச்சா?"

"நல்லா சண்ட போட்டேன் லாத்தா."

"அதுக்குத்தான்டி வயரே."

அவர்களை அடக்கம் செய்த அன்று என் வீட்டுக்காரரால் வர முடியவில்லை. மறுநாள் மதியம் பேசினார். அங்கே அறையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கம்பெனி வண்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தார். இங்கே துக்கம் கேட்க வந்த பெண்கள் வீடு நிறைய. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"எங்க நிக்கிறே?" என்றார்.

"லாத்தா கோடு போட்ட எடத்துல."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. அப்படி அழுவார் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. ஒரு மூச்சுகூட விட்டுப்போகாமல் கேட்டது. என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

அல்லாஹ் லாத்தாவின் கப்ரை வெளிச்சமாகவும் விசாலமாகவும் ஆக்கி வைக்கட்டும். மாடிக்குப் போகும் குழாய் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, கயிறோடு. அதைவிட, அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழும்பியது. ஆண்கள் பிளானை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு செங்கல் துண்டைக் கொடுத்தேன். "நீ எங்க நின்னு பேசுவே? காட்டு."