வியாழக்கிழமைச் சிவப்பு

ஈர விரல் பட்டால் அந்தச் சிவப்பு கசியும். கவர் வந்து பல நாள் ஆகியிருந்தாலும், பாத்திரம் கழுவிய கையைச் சரியாகத் துடைக்காமல் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டால், ரத்தமும் இல்லாத ரோஜாவும் இல்லாத ஒரு நிறம் அவள் கட்டைவிரலில் ஏறிக்கொண்டு, மத்தியானம் சோறு பிசையும்போதும் அங்கேயே இருக்கும். மண்ணெண்ணெயும் புது ரப்பரும் கலந்தது போன்ற ஒரு வாடை அந்த மசிக்கு உண்டு. இன்று அந்த வாடை எங்கிருந்தாவது வந்தால் என் கண் முதலில் வாசலுக்குத்தான் போகும்.

தபால்தலை ஒட்டாமல், அலுவலகங்கள் தங்கள் இயந்திரத்தில் கொடுத்து அடித்து அனுப்பும் கவர்களின் மூலையில் இருக்கும் சிவப்பு முத்திரையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் வட்டம், அதற்குள் ஊர்ப் பெயரும் தேதியும். இன்னொரு பக்கம் கட்டம், அதில் தபால் கட்டணமும் கீழே பொடி எழுத்தில் இயந்திரத்தின் எண்ணும். எங்கள் தெருவில் அதற்கு "செவப்பு குத்து" என்று பெயர். தபால்தலை சேர்க்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் இருந்தார்கள், அவர்களுக்குக் கிளியும் மயிலும் விண்வெளிக் கலமும் கிடைத்தன. நான் செவப்பு குத்து சேர்த்தேன்.

ஆசைக்காகச் சேர்க்கவில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அரசு சார்ந்த ஓர் உர நிறுவனத்தின் கிடங்கில் அப்பா காவலராக இருந்தார். எங்கள் குடும்பத்தில் வயலை விட்டு வெளியே போய் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். நான் ஏழாவது படிக்கும்போது கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்து, அதன் அடியில் சிக்கி இறந்துபோனார். அம்மா பத்தாவது தேறியவள். இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குக் "கருணை அடிப்படையில்" வேலை உண்டு என்று சொன்னார்கள், மனுக் கொடுத்தோம். தஞ்சாவூர் மண்டல அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்குக் கவர் வரும், காத்திருங்கள் என்றார்கள். வயது வரம்பு ஒன்று இருந்தது. அம்மா அதன் விளிம்பில் நின்றாள். ஒரு முறை அழைப்பு வந்து தவறினால் மறுமுறை வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். இது எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே கவர்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தபால்காரர் சைக்கிள் முக்குத் திரும்பும்போதே அவர் கையிலுள்ள கட்டில் சிவப்பு தெரிகிறதா, தெரிந்தால் அது எந்த இயந்திரத்துச் சிவப்பு, என்று பிரித்தறிவதுதான் என் வேலை. வங்கியின் முத்திரை தடித்து இருக்கும். காப்பீட்டு அலுவலகத்தின் முத்திரைக்குப் பக்கத்தில் சேமிப்பைப் பற்றி ஒரு வாசகம் இருக்கும். அப்பாவின் நிறுவனத்து முத்திரை எப்போதும் கொஞ்சம் சாய்ந்து, கீழ் விளிம்பு மங்கி விழும். அதன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத் தூரத்திலிருந்தே என்னால் சொல்ல முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நிறைய கவர் தேவைப்பட்டது. கடைத்தெருவில் இருந்த உரக்கடைக்கு அந்த அலுவலகத்திலிருந்து வாராவாரம் சுற்றறிக்கை வரும். கடைக்காரர் படித்து முடித்ததும் கவரோடு எனக்கே கொடுத்துவிடுவார். புடவை வாங்கிய அட்டைப்பெட்டியில் அவற்றை இயந்திர எண் வாரியாக, எண்ணுக்குள் தேதி வாரியாக அடுக்கினேன்.

"ஏண்டி, குப்பையில கெடக்குற கவரையெல்லாம் பொறுக்கிட்டு வந்து அடுக்குறா ஒம் பொண்ணு, நீயும் பாத்துட்டுத்தான் இருக்கியா?" என்று எதிர்வீட்டுச் சித்தி அம்மாவைக் கேட்பாள். "பித்துப் புடிச்சிரப் போவுது புள்ளைக்கி."

"எனக்குப் புடிக்கிறதுக்கு அவளுக்குப் புடிச்சிட்டுப் போவுது" என்பாள் அம்மா.

தபால்காரர் அந்தோணி மாமா என்னைப் "போஸ்ட் மாஸ்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். "போஸ்ட் மாஸ்டரம்மா, இன்னிக்கி ஒங்க கச்சேரியில ஒண்ணும் இல்ல, நாளைக்கி வாங்க" என்று சிரித்துக்கொண்டே போவார். நாள் ஆக ஆக அவர் சிரிப்பது குறைந்தது. எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பெடலை வேகமாக மிதிக்கத் தொடங்கினார். இல்லை என்று சொல்லும் சங்கடம் அவருக்கும் இருந்திருக்கும்.

அந்த அலுவலகத்துக் கவர்களில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நாள்காட்டியை வைத்துப் பார்த்தபோது எல்லாத் தேதியும் வியாழக்கிழமை. ஒன்றுகூட வேறு கிழமை இல்லை. வியாழன்தோறும் கடிதம் அனுப்புகிறார்கள், அப்படியானால் சனிக்கிழமை நமக்கு வரும், என்று அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு எங்கள் வாரம் சனிக்கிழமையை நோக்கித்தான் நகர்ந்தது. நடவுக் காலத்தில் மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறவள் சனிக்கிழமை மட்டும் போகமாட்டாள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பாள். சைக்கிள் தாண்டிப் போனதும் அந்தச் சேலையை மடித்து வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. உரக்கடைக் கவர்களோ சனிக்கிழமையும் வந்தன, திங்களும் வந்தன, புதனும் வந்தன. தபால்துறை மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தேன்.

அழைப்பு ஒரு சனிக்கிழமைதான் வந்தது. அந்தோணி மாமா சைக்கிளை நிறுத்தாமலேயே, "தங்கச்சி, வந்துருச்சு! ஒங்க ஆபீஸ் கவர் வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தார். சாய்ந்த முத்திரை, மங்கிய கீழ் விளிம்பு. அம்மா கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பிரித்துப் படித்தேன். நேர்காணல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று இருந்தது. எந்த வெள்ளி என்று அம்மா கேட்டாள். நேற்று, என்றேன்.

அவள் அழவில்லை. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மறுபக்கத்தில் வேறு தேதி எழுதியிருக்கும் என்பது போல. முத்திரையில் இருந்த தேதி அதற்கு முந்தைய வாரத்து வியாழன். கவரின் பின்பக்கம் எங்கள் தபால் நிலையத்தின் கறுப்பு முத்திரை அன்றைய சனிக்கிழமையைக் காட்டியது. "இது காலையிலதான் பையில வந்துச்சு தங்கச்சி, எங்க அம்மா சத்தியமா" என்றார் அந்தோணி மாமா.

பெட்டியை எடுத்துக் கொட்டினேன். தேடினால் கிடைக்கும் என்று எப்படியோ தெரிந்திருந்தது. உரக்கடைக் கவர்களில் இரண்டின் சிவப்புத் தேதி ஒரே வியாழன், ஆனால் பின்பக்கக் கறுப்பு முத்திரைப்படி ஒன்று சனிக்கிழமை வந்திருந்தது, மற்றது அடுத்த புதன்கிழமை. அந்தப் புதன்கிழமைக் கவருக்குள் மடித்திருந்த சுற்றறிக்கையைப் பிரித்தேன். அதில் தட்டச்சு செய்திருந்த தேதி திங்கள். திங்கட்கிழமை எழுதிய கடிதம், அதற்கு முந்தைய வியாழக்கிழமை முத்திரை அடித்த கவருக்குள் இருந்தது. வெறும் கவர்களை முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டு, வாரம் முழுவதும் அவற்றை எடுத்து எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் கடிதம் வழியில் தாமதிக்கவே இல்லை. வந்துசேர இரண்டு நாள் என்றால், அது அலுவலகத்தை விட்டுக் கிளம்பியதே நேர்காணலுக்கு முதல்நாள்தான்.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போனோம். இருபுறமும் புதிதாக நட்ட பச்சை. அம்மா மடியில் அந்த அட்டைப்பெட்டி. வழி நெடுக அவள் ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "ஒத்துக்குவாங்கல்ல?"

அதிகாரி பொறுமையான மனிதர். முதலில், "நாங்க வியாழக்கிழமையே அனுப்பிட்டோம்மா, பாருங்க செவப்புத் தேதிய. தபால்ல லேட்டானா நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். நான் கவர்களை மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், திங்கட்கிழமைச் சுற்றறிக்கையை இரண்டு முறை பார்த்தார். பிறகு மணியை அடித்துத் தபால் பிரிவு ஆளைக் கூப்பிட்டனுப்பினார்.

வந்தவள் அம்மா வயதுள்ள ஒரு பெண். பெயர் செல்வராணி. வலது கை மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று கோணலாகக் கூடியிருந்தது. முத்திரை ஏன் சாய்ந்து விழுகிறது என்று அந்தக் கையைப் பார்த்ததும் புரிந்தது.

"ஆமா சார்" என்றாள். மறைக்கவில்லை. "மெஷின் மாடியில கணக்குப் பிரிவுலல்ல இருக்கு. வியாழக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு விடுவாங்க. ஒரு வாரத்துக்கு வேண்டிய கவர அன்னிக்கே அடிச்சு வச்சுக்குவேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்புடித்தான் சார் அடிப்பாரு." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அக்கா, நானும் எங்க வீட்டுக்காரர் போயித்தான் இந்த சீட்டுல வந்து ஒக்காந்தேன். ரெண்டு புள்ளைங்க எனக்கு."

அம்மா அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மாவிடம் சொன்னார்: "இத நீங்க எழுத்து மூலமா குடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். இவங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க, நடவடிக்கையும் இருக்கும். அதனால ஒங்களுக்கு வேலை கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த எடத்துக்கு ஆள் எடுத்தாச்சு."

"எழுதிக் குடுக்காம போனா கெடைக்குமா சார்?"

"கெடைக்காதும்மா."

"அப்பப் பேப்பர் குடுங்க."

அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். செல்வராணி சுவரோரமாக நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கவர்களை ஆதாரமாக இணைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. படியிறங்கியதும் அம்மா, சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்த கவர்கள் இரண்டே வகை. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்பது ஒன்று. அடுத்த ஆண்டு வந்தது மற்றொன்று: வயது வரம்பைக் கடந்துவிட்டதால் மனுவை ஏற்க இயலவில்லை. இரண்டாவதை அம்மா என்னைப் படிக்கச் சொல்லவில்லை, தானே படித்தாள். நான் கவரை மட்டும் வாங்கிப் பார்த்தேன். முத்திரை செவ்வாய்க்கிழமைத் தேதியில், நேராக, எல்லா விளிம்பும் தெளிவாக விழுந்திருந்தது. வேறு யாரோ அடிக்கிறார்கள். "என்னடி பாக்குற?" என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன். எங்கள் மனுவால் உலகத்தில் நடந்தது அது ஒன்றுதான், அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் மறுநாள் நடவுக்குப் போனாள். சனிக்கிழமையும் போனாள். அந்தக் கூலியில்தான் நான் பாலிடெக்னிக் வரை படித்தேன்.

இப்போது திருச்சியில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு கருவி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன், அதை யார், எப்போது, எந்த வசதிக்காகத் திருப்பி வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் தபால்களில் செவப்பு குத்தைப் பார்த்துப் பல காலமாகிறது. கோடுகள் அச்சிட்ட வெள்ளைச் சீட்டு ஒட்டி வருகிறது, கடிதம் எந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். நேர்காணல் அழைப்புகள் கவரில் வருவதே இல்லை. தபால்காரர் கையைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் இன்று முக்கில் நிற்க வேண்டியதில்லை. அது தொலைந்ததில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கி வேல போயிருக்குமா?"

இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுவே முதல் முறை. "வேற பிரிவுக்கு மாத்தியிருப்பாங்கம்மா" என்றேன்.

"தெரியுமா, சும்மா சொல்றியா?"

"தெரியாதும்மா."

அவள் இன்னொரு கொத்தை எடுத்து உருவினாள். "ரெண்டு புள்ளைன்னு சொன்னா" என்றாள். அந்தக் கொத்து முடிந்ததும், யாரோ எதிரில் நின்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "இன்னிக்கிக் கேட்டாலும் எழுதித்தான் குடுப்பேன்" என்றாள்.