பென்சிலில் ஒரு கொட்டாவி

உப்புக் காற்றில் காகிதம் நமுத்துப்போகும். எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டே வரும். எழுபதுகளில், மகாபலிபுரத்தில் எங்கள் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது அலைச் சத்தம்தான்... மேனேஜர் அப்புறம்தான் வருவார்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊரைப் பற்றித் தமிழில் நோட்டீஸ் எழுதும் வேலை. நானும் மும்தாஜும் டெம்பரவரி. இரண்டு பேருக்கும் வீடு செங்கல்பட்டில். ஒரே பஸ்.

அந்த பஸ்ஸில்தான் எங்கள் திருத்தமெல்லாம். அவள் எழுதியது என் மடியில், நான் எழுதியது அவள் மடியில். படிக்கிறபோது எந்த இடத்தில் கொட்டாவி வருகிறதோ, அங்கே வாயைப் பிளந்த மாதிரி பென்சிலால் ஒரு வட்டம். ஏன் வந்தது என்றும் சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை எழுதியவள் பதில் பேசக் கூடாது. மலை பின்னால் போனதும் சண்டை போடலாம்... பாதி நாள் அதற்குள் கோபம் ஆறிவிடும்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஒரு போஸ்ட்தான் பர்மனென்ட் ஆவுது. கடற்கரைக் கோயிலப் பத்தி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, நாளைக்கு சாயங்காலம் குடுங்க. எது நல்லாக்கீதோ அவங்களுக்கு வேலை."

அன்று திரும்பும்போது யார் மடியிலும் காகிதம் இல்லை. எங்கள் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவளுக்கும் அந்த வேலை மேல் உயிர்.

மறுநாள் பஸ்ஸில் நான் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மும்தாஜ்தான் கையை நீட்டினாள்.

"இன்னாடி... குடு."

படித்தாள். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. அப்பாடா என்றிருந்தது.

"கொட்டாவியே வரல. ராசா கீறாரு, கல்லு கீது, உளி சத்தம்கூட கேக்குது... கடலு எங்கடி?"

மலை போன பிறகும் சண்டை போடாமல் காகிதத்தில் கடலைத் தேடிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அவள். கடல் இல்லாதது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவளுடையதை நானும் படித்துச் சொன்னேன். "முடிஞ்ச அப்புறமும் எழுதிக்கினே போற. கடைசி பாரா வாணாம்." உடனே அந்தப் பாராவை அடித்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இந்த முறை அலை வந்தது.

வேலை எனக்குக் கிடைத்தது.

சாயங்கால பஸ்ஸில் அழுதது நான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அழுவாத. நல்லா இருந்துச்சி, குடுத்தாரு. நா சொன்னதுக்கு பஜ்ஜி வாங்கிக் குடு, போதும்."

அப்புறம் அவள் அத்தாவின் ஜவுளிக் கடைக்குப் போய்விட்டாள். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் கடை நோட்டீஸ் அவளே எழுதுவாள். அச்சுக்குப் போகுமுன் என் வட்டங்களுக்காக வீட்டுக்கு வந்துவிடும்.

இப்போது எதை எழுதிப் போட்டாலும் "சூப்பர்", "அருமை", ஒரு ஹார்ட். சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்குமே கொட்டாவி வருவதில்லை... கடைசிவரை படித்தார்களா என்றே தெரிவதில்லை.

இதையும் முதலில் மும்தாஜுக்குத்தான் அனுப்பினேன். அப்போது இந்தக் கதை நோட்டீஸ் எழுதும் வேலையிலிருந்துதான் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"எல்லாம் சரி... கடலு எங்கடி?"

மேலே உள்ள முதல் பாரா அதற்குப் பிறகு எழுதியது.