என்னைத் துருக்கிக்காரி என்றார்கள்

சமூகவியல் நடத்துகிறவர்களைக் கண்டு யாரும் பொறாமைப்பட்டதில்லை. துருக்கிக் கதைகளை வைத்துச் சமூகவியல் நடத்துகிறவளைக் கண்டு சிரிக்காதவர்களும் இல்லை. தொண்ணூறுகளில் அடையாறு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன். யாருக்கும் வேண்டாத ஒன்றை ஆசைப்பட்டுப் படித்துவிட்டு, அதை வைத்தே பிழைக்க நினைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

*வேலைக்குச் சேர்ந்த கதை*

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முனைவர் பட்டத்துக்கு என்ன ஆராய்ச்சி என்றார்கள். துருக்கியின் நாட்டுப்புறக் கதைகளும் நாவல்களும் என்றேன். அந்தக் கதைகளில் ஏன் எப்போதும் கடைசிப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறான், அவனுக்கு நிலத்தில் பங்கு உண்டா இல்லையா, பின்னால் வந்த நாவல்களில் அதே பிள்ளை ஏன் பஞ்சாலைக் கூலியாக நகரத்துக்கு வருகிறான் என்றெல்லாம் விளக்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. நடுவில் இருந்தவர் கல்லூரிச் செயலாளர். அதுவரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"துருக்கியெல்லாம் இருக்கட்டும்மா, டைம்டேபிள் போடத் தெரியுமா?"

*பேசாத மருமகள்*

ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர் வைத்தவள் வசந்தா. மயிலாப்பூர் மாடவீதிக்காரி, பொருளாதாரம் நடத்துகிறவள். நான் உள்ளே நுழைந்தாலே "துருக்கிக்காரி வந்துட்டா" என்பாள். நம் ஊரில் இல்லாத கதையா என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நாட்டுக் கிராமங்களில் புதிதாக வந்த மருமகள் மாமனார் மாமியார் எதிரில் வருடக்கணக்கில் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது; பெண்கள் மட்டும் கூடுகிற இடத்தில் அவள் கதை சொல்லலாம்; அதனால்தான் அந்தக் கதைகளில் மாமியார்கள் ராட்சசிகளாக வருகிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வசந்தா தானாக வந்து பக்கத்தில் நின்றாள். அவள் பஸ் தூரத்தில் தெரிந்ததும்தான் சொன்னாள்.

"நம்மாத்துல மட்டும் என்ன வாழறதாம்? மாமனார் கூடத்துல இருந்தா நான் இன்னிவரைக்கும் அங்க போய் உக்காந்ததில்லடி."

*ஒட்டகம் போட்ட அட்டை*

தி. நகரில் ஒரு பதிப்பாளர், கதைகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஒவ்வொரு கதைக்கும் முன்னால், அதை யார் சொன்னார்கள், யாரைப் பார்த்துச் சொன்னார்கள், கேட்டவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவருடைய மாடிக்குப் போனபோது மேசையில் அட்டைப்படம் தயாராக இருந்தது. மணல்வெளி, ஒட்டகம், பறக்கும் கம்பளம். நான் எழுதியிருந்த கதைகளில் பாதிக்கு மேல் பனி கொட்டுகிறது.

என் முன்னுரைகள் முழுவதையும் சிவப்பு மையால் அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். காபி வரவழைத்து, மிகவும் அன்பாகத்தான் பதில் சொன்னார். காபியைத் தொடாமல் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். அந்தப் புத்தகம் இன்றுவரை வரவில்லை. அவர் சொன்னது மட்டும் காதிலேயே இருக்கிறது.

"ஜனங்களுக்குக் கதைதாம்மா வேணும், காரணம் வேண்டாம்."

*ஓர் இரவு வீடு*

முதுகலை வகுப்பில் செல்வி என்றொரு மாணவி. அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வருவாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் நம்பாதவள் போலப் பார்ப்பாள்.

ஊரில் நிலம் போனவர்கள் பெருநகரத்தின் ஓரத்துக்கு வந்து குடிசை போடுவதைப் பற்றித் துருக்கியில் நிறைய நாவல்கள் எழுதியிருக்கிறார்கள்; அதில் ஒன்றை வகுப்பில் நடத்தினேன். அந்த வீடுகளுக்கு அங்கே வழங்கும் பெயருக்கு 'இரவில் வைத்தது' என்று பொருள். விடிவதற்குள் கூரை ஏறிவிட்டால் சுலபத்தில் இடிக்க முடியாது என்று ஜனங்கள் நம்பினார்கள். அப்படியும் இடிப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வி முதல்முறையாகச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

"இன்னா மிஸ், எங்க கதைய துருக்கிக்காரனுக்கு யாரு சொன்னது?"

*கருத்தரங்கும் ஹால் டிக்கெட்டும்*

அடுத்த பருவத்தில் செல்வியின் தெருவை இடித்தார்கள். குடும்பத்தை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பஸ் மாறி அவள் வந்து சேர்வதற்குள் இரண்டு வகுப்புகள் முடிந்திருக்கும். வருகை குறைந்தது. ஹால் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் எங்கள் துறையில் கருத்தரங்கு. துறைத் தலைவர் ராகவன் என் கட்டுரையிலிருந்தே எடுத்து, அந்த நாவலில் குடிசை இழந்த துருக்கி ஏழைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல கைதட்டல். அந்தச் சூடு ஆறுவதற்குள் பரீட்சை எழுத அனுமதி கேட்டுச் செல்வி எழுதிய விண்ணப்பத்தை நீட்டினேன். படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். நீங்கள் இப்போது மேடையில் பேசியது இவளைப் பற்றித்தானே சார் என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. அவர் குரல் நடுங்கவில்லை.

"அது நாவல்மா. இது அட்டெண்டன்ஸ்."

*பாடத்திட்டத்துக்கு வெளியே*

நேரே முதல்வர் அறைக்குப் போனேன். கருத்தரங்கின் நிறைவு விழாவில் நன்றியுரை என் பொறுப்பு. செல்விக்கு அனுமதி கிடைக்காவிட்டால் அந்த மேடையில் யாருக்கு நன்றி சொல்வேன், எதற்குச் சொல்வேன் என்று முதல்வரிடம் விளக்கினேன். எனக்குப் பின்னால் கதவு திறந்தது. வசந்தா. கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் நின்றாள். முதல்வர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

செல்வி பரீட்சை எழுதினாள். பரீட்சை முடிவதற்குள் அடுத்த ஆண்டுப் பாடத்திட்டம் வந்துவிட்டது, அதில் துருக்கி இல்லை; எனக்கு டைம்டேபிள் போடும் வேலை மட்டும் மிஞ்சியது. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் எரிந்தது. தேர்வு முடிந்த அன்று செல்வி வாசலில் காத்திருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் நன்றி இல்லை. என் முகத்தில் இருந்த எரிச்சல்தான் அவள் முகத்திலும் இருந்தது.

"அந்த நாவல்ல திரும்பக் கட்டிட்டாங்க மிஸ். எங்கள ஒரு கல்லு வெக்க வுடல. அதத்தான் பேப்பர்ல எழுதிக்கீறேன், மார்க் போட்டா போடட்டும்."

இத்தனை வருடம் சமூகவியல் நடத்தி நான் கண்டது, சமூகம் தூரத்தில் இருக்கும்வரை பாடம், படியேறி வகுப்புக்குள் வந்துவிட்டால் ஒழுங்கீனம் என்பதுதான்.