யாவாரியைக் கேட்காத ஆராய்ச்சி

குமுளி மலையடிவாரத்துக் கூடலூரில் ஆராய்ச்சி என்று யார் வந்து இறங்கினாலும் நதியா வீட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். மகளிர் குழுத் தலைவியாக இருந்தவள். நாலு பேருக்கு போன் போட்டால் போதும், சமுதாயக்கூடம் நிறையத் திராட்சை விவசாயிகளை உட்கார வைத்துவிடுவாள். அவர்களும் நன்றாகத் தேறியிருந்தார்கள். "இன்னைக்கு வந்திருக்கிறது தண்ணிக்காரகளா, வெயில்காரகளா?" என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்வார்கள். தண்ணீர் ஆராய்ச்சி என்றால் கிணறு வற்றிய கதை, வெயில் ஆராய்ச்சி என்றால் பருவம் தப்பிய கதை. வந்தவர்கள் உருகி உருகி எழுதிக்கொண்டு காரேறிப் போவார்கள். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. அதில் ஊருக்கு வருத்தமும் இல்லை.

அதனால்தான் திரிஷா திரும்பி வந்து நின்றபோது நதியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரிஷா முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். திராட்சைக்கு அடிக்கும் நோய் மருந்துதான் அவள் ஆராய்ச்சி. காலண்டர் பார்த்து அடிக்காமல், மழையோ பனியோ இலையை நனைத்த பிறகு மட்டும் அடித்தால் பாதி மருந்து மிச்சம், விளைச்சலும் குறையாது. போன வருஷம் கூட்டம் போட்டு அதைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். சொன்னது என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் இப்போது வந்திருந்தாள். ஒரு பந்தலிலும் மருந்து குறையவில்லை. நதியாவின் புருஷன் ஒச்சாண்டியே அன்று காலையில் மருந்தடித்து முடித்து, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

"அக்கா, அன்னைக்கு எல்லாரும் சரின்னு சொன்னாங்களே?"

"ஊரு தேடி வந்து சொல்லுறீக. மூஞ்சிக்கு நேரா மாட்டேம்னா சொல்லுவாக?" என்றாள் நதியா. சொல்லி முடித்ததும் கூச்சமாகிவிட்டது. அன்று முதலில் கை தட்டியவள் அவள்தான்.

ஒச்சாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "உங்களை நம்பாம இல்ல மேடம். நோய் வந்து ஒத்தப் புள்ளி விழுந்திருந்தாலும் யாவாரி பழத்தைக் கழிச்சுப்புடுவாரு. கேரளாக்காரக புள்ளி விழுந்ததைத் தொடமாட்டாகளாம். அவரைப் போயிக் கேளுங்க."

திரிஷா விழித்தாள். இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான விவசாயிகளைக் கேட்டிருந்தாள். வியாபாரியைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவளுடைய பேராசிரியருக்கும் தோன்றவில்லை. நதியாவுக்கும்தான் தோன்றவில்லை. கூட்டத்துக்கு வராத ஆளை அவள் கணக்கிலேயே வைத்ததில்லை.

நதியாவும் திரிஷாவும் வியாபாரி சண்முகராஜின் கொட்டகைக்குப் போனார்கள். கூடலூர்த் திராட்சையில் பெரும்பகுதி அவர் கை வழியாகத்தான் கேரளாவுக்கு மலையேறும். திரிஷா மடிக்கணினியைத் திறந்து வரைபடங்களைக் காட்டினாள். அவர் மரியாதையாகப் பார்த்தார். நடுவில் வந்த போன்களையும் மரியாதையாகப் பேசி முடித்தார்.

"எல்லாஞ் சரிதான். புள்ளி இருந்தா குமுளியில ஒரு கடைக்காரரும் எடுக்கமாட்டாரே."

"யாருண்ணே அப்படிச் சொன்னது?" என்று கேட்டாள் நதியா.

"எங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்."

"நீங்க கேட்டீகளா?"

சண்முகராஜுக்குச் சுருக்கென்றது. "லோடு ஏத்தி ஜீப்பு கிளம்புது. ஏறுங்க, நேராவே கேப்போம்."

குமுளியில் பழக்கடைக்காரரிடம் நதியா தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் கேட்டாள். அவர் ஒரு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"புள்ளி குழப்பமில்லா சேச்சி," என்றார். புள்ளி இருந்தால் பரவாயில்லையாம். பிறகு பழத்தின் மேல் படிந்திருந்த மருந்தின் வெள்ளைத் தடத்தை விரலால் தேய்த்துக் காட்டினார். "இதாணு பிரஸ்னம்."

அந்த வெள்ளையைப் பார்த்து விஷமா என்று கேட்டுவிட்டு, வாங்க வந்தவர்கள் திரும்ப வைத்துவிடுகிறார்களாம். ஜீப் டிரைவரிடம் பல தடவை சொல்லியனுப்பினாராம். டிரைவரைக் கேட்டால், பழம் நல்லா இல்லைன்னு முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது என்றார். சண்முகராஜ் இன்னொரு கொத்தை எடுத்து, தானும் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

மறுவாரம் அவர் விவசாயிகளுக்கு ஒரே வார்த்தை சொன்னார்: வெள்ளை தெரிந்தால் பழம் எடுக்கமாட்டேன். அத்தனை வருஷ ஆராய்ச்சியும் கைதட்டலும் செய்யாததை அந்த வார்த்தை செய்தது. ஆனால் மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினால் நோய் வந்துவிடும். எப்போது அடிப்பது, எப்போது விடுவது? ஒச்சாண்டிதான் முதலில் திரிஷாவுக்கு போன் போட்டான். அதுவரை ஒருவரும் சீண்டாத அவளுடைய அட்டவணை வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. அடுத்த அறுவடைக்குள் மருந்தடிப்பு பாதியாகக் குறைந்தது.

பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது: 'நஞ்சைக் குறைத்த நாயகன்'. கறுப்புக் கண்ணாடியுடன் சண்முகராஜ் சிரித்தார்.

திரிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பேராசிரியர், மாற்றம் ஆராய்ச்சியால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார். மறுபடியும் கூட்டம். "எல்லாம் உங்களாலதான் மேடம்!" என்று கூடமே கோரஸ் பாடியது. திரிஷா பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு நதியாவைப் பார்த்தாள்.

நதியா எழுந்தாள். "யாவாரி சொன்னாக, கொறைச்சோம். எப்படிக் கொறைக்கிறதுன்னு தெரியல, இவுக சொன்னாக. அம்புட்டுத்தான்."

விருந்தாளியிடம் உண்மையைச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. திரிஷா அதை ஒரு சொல் மாறாமல் எழுதிக்கொண்டாள். ஆதாரம் பலவீனம் என்றார் பேராசிரியர். பட்டம் எப்படியோ கிடைத்தது.

இப்போது யார் அழைத்தாலும் நதியா முதலிலேயே கேட்டுவிடுகிறாள்: "ஆளு கூட்டணுமா, யாவாரியப் பாக்கணுமா?" பெரும்பாலானவர்களுக்கு ஆள் போதும், ஒரு போட்டோவும் வேண்டும். அதையும் அவள் குறையில்லாமல் செய்து கொடுக்கிறாள். யாவாரியைப் பார்க்க வேண்டும் என்று ஜீப்பில் ஏறியவர் திரிஷாவுக்குப் பிறகு இதுவரை ஒருவர்தான். வளைவுகளில் தலை சுற்றி வாந்தியெடுத்தும், பாதி வழியில் இறங்காமல் குமுளி வரை வந்தார்.